குரல் முன்னே, இசை பின்னே!

ஊரிலிருந்து உறவினர் யாராவது வந்து இறங்கினால், நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் செல்லுலர் சிறைதான். மாலையில் அங்கே ஒலி-ஒளிக் காட்சி. இருண்ட முற்றத்தில், சுவர்களின் மீது விளக்கொளி படர, அரசமரம் ஒன்று தான் கண்ட கொடுமைகளைச் சொல்லத் தொடங்கும். பல ஆண்டுகள் அந்த மரத்துக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் ஓம் பூரி. ஹிந்தி அவ்வளவாகத் தெரியாத நம்மவர்கள்கூட அந்தக் குரலோடு ஒன்றிப் போனார்கள். குரல் முன்னால் நிற்க, இசை துணைக்கு வந்தால் கதை நெஞ்சில் பதியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இன்று நாம் ஒவ்வொருவரும் படத் தயாரிப்பாளர்தான்! 2020 ஆகஸ்டு 10-ந் தேதி, சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளக் கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பிறகு, காதணி விழா, புதுமனை புகுவிழா, குழந்தையின் முதல் நடை என்று எதையும் கைபேசியில் படமெடுத்து, நாமே வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து ஊருக்கு அனுப்பி விடுகிறோம். ஆனால் அங்கே பெறுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். "படம் நல்லா இருந்தது, பேசினதுதான் ஒண்ணும் விளங்கலை" என்பார்கள்.

காரணம் எளிது. பேச்சில் உயிரெழுத்தின் ஒலி வலுவானது. க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளோ மெல்லியவை. கண நேரத்தில் மறைபவை. ஆனால் பொருளைத் தீர்மானிப்பவை அவையே. 'பணம்', 'மணம்', 'குணம்' மூன்றுக்கும் முதல் எழுத்துதானே வேறுபாடு? இந்த ஒலிகளைத் தெளிவாகக் காட்டும் பகுதி ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. வயலினும் நாகசுரமும் பாடகரின் குரலும் அதே பகுதியில்தான் பலமாக ஒலிக்கின்றன. ஒரே வாசலில் இருவர் நுழைந்தால் பலசாலிதான் உள்ளே போவார். வயது ஏற ஏற காதில் முதலில் குறைவதும் உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறனே. நமக்குக் கேட்பது ஊரிலுள்ள தாயாருக்குக் கேட்காமல் போவதன் ரகசியம் இதுதான். மகன் 'அறுபது' என்று சொன்னது 'எழுபது' என்று கேட்டுவிட்டால் வீட்டுக் கணக்கே மாறிவிடும்.

இதற்கு வழி என்ன? முதலாவது, குரலை நன்றாகப் பதிவு செய்ய வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசுங்கள். கடற்கரைக் காற்றில் பேசியதைப் பிறகு எந்த வித்தையாலும் முழுவதும் சீர் செய்ய முடியாது.

இரண்டாவது, பேச்சின் கீழே வாய்ப்பாட்டு வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போலாகிவிடும். வீணையோ தம்புராவோ மெல்லிய புல்லாங்குழலோ போதும்.

மூன்றாவது, அளவு. செவித்திறன் குறைந்தோரையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட சர்வதேச இணைய விதிமுறை ஒன்று, பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. காதுக்கு அது சுமார் கால் பங்கு ஒலியாகத் தோன்றும். டெசிபல் காட்டாத செயலிகளில் குரலை 100-லும் இசையை 10-லும் வைத்துத் தொடங்குங்கள். பேச்சு நின்ற இடத்தில் இசையை மெல்ல ஏற்றி, மறுபடி பேச்சு வருமுன் மெல்ல இறக்கிவிட வேண்டும். 'டக்கிங்' என்று சில செயலிகள் குறிப்பிடுவது இதைத்தான்.

நான்காவது, சோதனை. காதில் கருவி மாட்டிக் கேட்டுத் திருப்தியடைந்து விடாதீர்கள். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில், சத்தத்தைக் குறைத்து, சமையலறை வாசலில் நின்று கேளுங்கள். அங்கே ஒவ்வொரு சொல்லும் விளங்கினால், ஊரிலும் விளங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று. இசை கலக்காத குரல் பதிவைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். திரையுலகில் வசனம் ஒரு தடத்திலும், இசையும் மற்ற ஒலிகளும் வேறு தடங்களிலும் இருக்கும். அதனால்தான் ஒரு மொழிப் படம் இன்னொரு மொழி பேச முடிகிறது. நமது செல்லுலர் சிறையின் கதையைச் சொன்ன பிரியதர்ஷனின் 'காலாபானி' 1996-ல் மலையாளத்தில் வந்தது. தமிழில் அதுவே 'சிறைச்சாலை'. வசனம் மாறியது, இளையராஜாவின் பின்னணி இசை இரண்டுக்கும் பொது. சிறந்த ஒலிப்பதிவுக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

நமக்கு விருது தேவையில்லை. ஆனால் ஊரில் பாட்டி பேரனுக்குச் சொல்லி அனுப்பும் நாலு வார்த்தை, பின்னால் ஒரு நாள் விலைமதிப்பற்றதாகிவிடும். அதன்மேல் சினிமாப் பாட்டை ஏற்றி, மூலப் பதிவையும் அழித்துவிட்டால், பிறகு பிரித்தெடுப்பது பாலில் கலந்த நீரைப் பிரிப்பது போலத்தான். அதற்கென்று இப்போது மென்பொருள்கள் வந்திருந்தாலும், பழைய குரல் முழுமையாகத் திரும்புவதில்லை.

பாட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தக் குரல் கிடைக்காது. இன்று இரவே உங்கள் கைபேசியைத் திறந்து, வீட்டுப் பெரியவர்களின் பதிவுகளை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். இசையை நாளைக்குச் சேர்த்துக் கொள்ளலாம்.