கூடத்து மூலையில் ஒரு கமுகின் உறவு

வடபுல நகரங்களில் அடுக்கு வீடுகளிலே வாழும் நம்மவர்க்குக் கொல்லைப்புறம் ஏது? ஊரில் தென்னையும் கமுகும் நின்ற இடத்தை இங்கே கூடத்து மூலையிலுள்ள ஒரு தொட்டி நிரப்புகிறது. நர்சரிகளில் ‘அரேக்கா பாம்’ என்று கேட்டு நாம் வாங்கிவரும் செடி அது.

பெயர் நமக்கு அயலன்று. மலையாளத்தார் பாக்கை வழங்கும் ‘அடக்க’ என்ற சொல்லைப் போர்த்துகீசியர் தம் நாவுக்கேற்பத் திரித்ததே அரேக்கா. நம் ‘அடைக்காய்’ அதன் உடன்பிறப்பு. ஆயினும் இது வெற்றிலைக்குத் துணையாகும் பாக்கைத் தருவதன்று. மடகாஸ்கர் தீவினின்று வந்த, கமுகின் தூரத்து உறவு.

இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கோடையின் நேர்வெயில் ஆகாது. தொட்டியின் அடியில் துளை இருத்தல் அவசியம். நாள்தோறும் நீர் வார்ப்பதை அன்பென்று எண்ணுவோர் உளர். அதனால் வேர் அழுகிவிடும். மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பின்னரே, அடித்துளை வழியே வடியும்வரை வார்த்து, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். உப்பு நீரும் வறண்ட காற்றும் இலை நுனியைப் பழுப்பாக்கும். சேமித்த மழைநீர் நன்று. தில்லிக் குளிரில் செடியை இரவில் பால்கனியில் விடலாகாது. ஹீட்டரின் அருகிலும் வைத்தலாகாது. அப்பருவத்தில் நீரைக் குறைத்து, உரத்தை நிறுத்துக. இலையடியில் நுண்ணிய வலை தென்பட்டால் அது சிலந்திப்பேன். ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இச்செடி காற்றைத் தூய்மையாக்கும் என்ற பேச்சு எங்கும் உலவுகிறது. 1989-இல் வெளியான நாசா ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளில் செடிகளை வைத்துச் சில நச்சாவிகள் குறையக் கண்டது. வீடோ காற்று வந்துபோகும் இடம். அத்தகைய ஆய்வுகள் பலவற்றை ஒருங்கே மதிப்பிட்டு 2019-இல் வெளியான கட்டுரை, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக அந்த ஆவிகளைச் செடிகள் நீக்க, சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டுமெனக் கணக்கிட்டது. ஆகவே, பனிக்காலப் புகைமூட்டத்தில் இரைப்புள்ள முதியோரையும் குழந்தைகளையும் தொட்டிச் செடியின் பொறுப்பில் விடுதல் தகாது. முகக்கவசமும் மருத்துவர் சொல்லும் மருந்துமே அவர்களுக்குக் காவல்.

வாங்கும்போது மற்றோர் எச்சரிக்கை. ‘சாகோ பாம்’ என விற்கப்படும் சைகஸ், பனை இனமே அன்று. அதன் விதை கொடிய நஞ்சு. தவழும் குழந்தையோ நாயோ உள்ள இல்லத்தில் அது வேண்டா. அரேக்காவால் அவ்வித அச்சமில்லை.

கண்ணுக்குப் பசுமையும், நீர் வார்க்கும் குழந்தைக்குப் பொறுப்பும் தருவது இச்செடி. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் உண்மைக் கமுகையும் அக்குழந்தைக்குக் காட்டுவோமாக.