என்ஜின் கொதிக்கிறதா? பதற வேண்டாம்!

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் கரண்ட் போனால், தொழிற்சாலைகளில் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். சில சமயம் அது பாதியில் நின்றுவிடும். ரேடியேட்டர் பக்கம் ஆவி கிளம்பும். "என்ஜின் கொதிச்சுடுச்சு!" என்று கூச்சல் எழும்.

ஏன் கொதிக்கிறது?

எரியும் டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது. பெரும் பகுதி புகையோடும் தண்ணீரோடும் போகிறது. அந்தத் தண்ணீர் என்ஜினைச் சுற்றி வந்து, ரேடியேட்டரில் காற்று பட்டு ஆறி, மறுபடி உள்ளே போகிறது. ஓட்டம் தடைப்பட்டால் ஆபத்துதான்.

உப்பு செய்த வேலை

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுவார்கள். பதனிடும்போது அதைக் கழுவுவார்கள். அந்தக் கழிவு நீர் பல ஆண்டுகள் பாலாற்றங்கரை மண்ணில் இறங்கியது. கிணறுகள் கரித்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. 5 மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா ரூ.10 ஆயிரம் அபராதம்! ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு தீர்ப்புக்குக் கட்டுப்படுமா?

அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், உப்பு இரும்பை அரிக்கும். சுண்ணாம்பு குழாயை அடைக்கும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான்.

நாமே பார்க்கலாம்

என்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடவே கூடாது. திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆறிய பிறகு தண்ணீர் குறைந்திருக்கிறதா, ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, விசிறி பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் இடுக்கில் தூசி அடைத்திருந்தால் தட்டி எடுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் சின்னக் கதவு அது. கழற்றி, ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டுக் காய்ச்சுங்கள். கொதிக்கும்போதும் திறக்காவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான்.

சுண்ணாம்பைக் கரைக்கிறேன் என்று காரமான ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். அலுமினிய பாகங்கள் அரித்துப்போகும். அதற்கென்று கடையில் விற்கும் மருந்தை விட்டு, நல்ல தண்ணீரால் அலசினால் போதும்.

கடலில் என்ன செய்கிறார்கள்?

பாய்மரப் படகின் ஜெனரேட்டருக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல் நீர்தான் கதி! பெரும்பாலும் அதை என்ஜினுக்குள் விடுவதில்லை. உள்ளே நல்ல தண்ணீர் சுற்றும். கடல் நீர் தனிக் குழாயில் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அந்த வழியில் ஒரு துத்தநாகத் துண்டு வைப்பார்கள். அரிப்பு முதலில் அதைத்தான் தின்னும். தேய்ந்ததும் மாற்றிவிடுவார்கள்.

நம்மூரிலும் கிணற்றுத் தண்ணீரை விட்டு, காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்லது. கூலன்ட் பெரும்பாலும் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.