வெள்ளமும் மாடிப்படியும்

யப்பான் தேசத்தின் மேற்குப் பகுதியிலே, ஒக்கயாமா மாகாணத்தில், மாபி என்றோர் ஊர் இருக்கின்றது. மூங்கிற் குருத்துக்குப் பெயர்பெற்ற அவ்வூர் முன்னர் தனியாக இயங்கி, 2005ஆம் ஆண்டிலே அயலிலுள்ள குரசிக்கி மாநகரத்துடன் இணைக்கப்பட்டது. வயலும் வீடும் கலந்த தாழ்நிலத்தில் ஏறத்தாழ 22,000 மக்கள் வாழ்ந்துவந்தனர். ஊரை ஊடறுத்துக் கிழக்கு நோக்கி ஓடும் ஒடா என்னும் சிற்றாறு, சிறிது தூரம் சென்று தக்கஹாசி என்னும் பேராற்றிலே கலக்கின்றது. இவ்விரண்டு ஆறுகளும் சந்திக்கும் இடமே அவ்வூரின் விதியை நிர்ணயித்தது.

2018ஆம் ஆண்டு யூலை மாத முதல் வாரத்தில் மேற்கு யப்பான் முழுவதும் நாட்கணக்காக மழை கொட்டியது. தக்கஹாசி ஆறு கரைமட்டத்துக்குப் பெருகி நின்றது. பேராற்றின் நீர்மட்டம் உயரும்பொழுது, அதனுடன் கலக்க வேண்டிய சிற்றாற்றின் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். பின்பு வந்த வழியே பின்னோக்கி ஏறும். ஒடா ஆற்றிலும் அதன் கிளைகளிலும் நிகழ்ந்தது இதுவே. யூலை 6ஆந் திகதி இரவுக்கும் மறுநாட் காலைக்கும் இடையில் ஆற்றுக்கட்டுகள் 8 இடங்களில் உடைந்தன. ஏறத்தாழ 1,200 ஹெக்டேயர் நிலம் நீருள் அமிழ்ந்தது. ஆழமான இடங்களில் நீர் 5 மீற்றருக்கு மேல் நின்றது. வீடுகளின் கீழ்த்தளம் முற்றாக மூழ்கி, மேன்மாடியின் தரைக்கு மேலும் நீர் ஏறியது என்றால் அந்த ஆழத்தை உணர்ந்துகொள்ளலாம். கூரைகளிலும் வைத்தியசாலையின் மேற்றளங்களிலும் ஒதுங்கிய நூற்றுக்கணக்கானோர் படகுகளின் மூலம் மீட்கப்பட்டனர். ஆயினும் மாபியில் மட்டும் 51 பேர் உயிரிழந்தனர்.

மாண்டோர் யாவர் என்ற கேள்வி பின்னர் எழுந்தது. விடையைக் கண்டவர்கள் திடுக்குற்றனர். பெரும்பாலானோர் முதியோர். 51 பேரில் 42 பேருடைய பெயர்கள், ஆபத்து வேளையில் பிறர் உதவியின்றி வெளியேற இயலாதோர் என்று மாநகரசபை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்த பட்டியலிலே காணப்பட்டன. பலருடைய உடல்கள் வீட்டின் கீழ்த்தளத்திலே கிடந்தன. அவற்றுட் பல வீடுகளுக்கு மேன்மாடி இருந்தது. தலைக்கு மேலே சில அடி உயரத்தில் உயிர் தப்பும் இடம் இருந்தும், அங்கு ஏற அவர்களால் இயலவில்லை. அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய இளந்தாய் ஒருவரும் அவருடைய சிறு மகளும் இறந்தோருட் சேர்ந்திருந்தனர். ஆதலின் இது முதுமையின் துயரம் மாத்திரம் அன்று என்பது தெளிவாகின்றது.

இவ்வழிவு எதிர்பாராத ஒன்றும் அன்று. 1893ஆம் ஆண்டிலும் அப்பகுதி பெருவெள்ளத்தால் அழிந்திருக்கின்றது; 1970களிலும் வெள்ளம் புகுந்திருக்கின்றது. எவ்விடத்தில் எவ்வளவு ஆழத்துக்கு நீர் நிற்கும் என்பதை வண்ணமிட்டுக் காட்டும் படமொன்றை மாநகரசபை அச்சிட்டு வீடுதோறும் வழங்கியிருந்தது. வெள்ளம் வடிந்த பின்னர் அப்படத்தையும் உண்மையில் மூழ்கிய நிலத்தையும் ஒப்பிட்டபோது இரண்டும் பெரிதும் ஒத்திருந்தன. நீர் எங்கே வரும் என்பது தெரிந்திருந்தது. எவரால் ஓட முடியாது என்பதும் தெரிந்திருந்தது. அப்படியாயின் குறைந்தது யாது?

முதலாவது, நேரம். இரவு 10 மணிக்கு ஊர் முழுவதற்கும் வெளியேறுமாறு அறிவுரை விடுக்கப்பட்டது. ஒடா ஆற்றின் வடபுறத்தாருக்கு வெளியேறியே ஆகவேண்டும் என்ற கட்டளை பிறந்தபொழுது அதிகாலை 1.30 மணி. சில நிமிடங்களுக்குள் கிளையாறு ஒன்றின் கட்டு உடைந்த செய்தி வந்துவிட்டது. நல்ல உடல்வலிமையும் வாகனமும் உடைய ஒருவருக்கே அந்த அவகாசம் போதாது.

நடக்க இயலாத இருபது வயது இளைஞன் ஒருவனை இங்கே உதாரணமாகக் கொள்ளலாம். அவன் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவதற்கே ஒருவருடைய துணை வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் செல்லலாம். வாசற்படியைக் கடக்க மரப்பலகை வேண்டும். வெளியே மழை பெய்கின்றது. தெருவிலே நீர் கணுக்கால் அளவில் ஓடுகின்றது. நாற்காலியின் முன்சில்லுகள் சிறியவை. தெருவோரத்து வடிகானும் தெருவும் நீருக்கு அடியில் ஒன்றாகத் தோன்றும்போது, ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்தால் நாற்காலி கவிழ்ந்துவிடும். மின்கலத்தால் இயங்கும் நாற்காலியாயின் அதன் பாரம் மிக அதிகம். இருவர் சேர்ந்தும் தூக்குவது எளிதன்று. நீர் முழங்காலளவு வேகமாக ஓடத் தொடங்கிய பின்னரோ, நிற்கக்கூடியவரே நிலைதடுமாறுவர். எனவே அவ்விளைஞன் தப்பவேண்டுமாயின், மற்றவர்கள் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னதாக, தெரு உலர்ந்திருக்கும் பொழுதே, பகல் வெளிச்சம் உள்ளபொழுதே அவன் புறப்படவேண்டும். அவ்வேளையில் வந்து அவனை அழைத்துச் செல்லும் ஒருவரும் இருக்கவேண்டும்.

குறைபாட்டின் வகைக்கேற்ப இடர்ப்பாடும் மாறும். செவிப்புலனற்றவருக்கு ஒலிபெருக்கியும் அபாயச் சங்கும் பயன்படா. வானொலி அறிவித்தலும் அவரைச் சென்றடையாது. கட்புலனற்றவருக்கு வானொலி உற்ற துணைதான். ஆனால் நாள்தோறும் கோலால் தொட்டு அறிந்த தெருவிளிம்பும் சுவரும் நீருக்குள் மறைந்தபின் அவருக்குப் பழகிய ஊரே அந்நியமாகிவிடும். அறிவுவளர்ச்சிக் குறைபாடுடையவரிடம் “பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்” என்று தொலைபேசியிற் கூறினால் மாத்திரம் போதாது. எந்த இடம், எந்த வழி, யாருடன், எதை எடுத்துக்கொண்டு என்பவற்றை அவர் முன்னரே நடந்து பழகியிருக்கவேண்டும். ஒலியையும் கூட்டத்தையும் தாங்கவியலாத இளைஞர் சிலர், வீட்டை விட்டு வர மறுத்து அடம்பிடிப்பர். அவரை விட்டுச் செல்ல மனமின்றிப் பெற்றோரும் தங்கிவிடுவர். ஒருவருக்கு வழி இல்லாதபோது ஒரு குடும்பமே ஆபத்தில் அகப்படுகின்றது.

செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க வேறொரு தேசத்திலும் இதே பாடம் பெருவிலை கொடுத்துக் கற்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி இரவில், யேர்மனியின் மேற்கிலுள்ள ஆர் என்னும் ஆறு பெருக்கெடுத்தது. அப்பள்ளத்தாக்கில் 130 பேருக்கு மேல் மாண்டனர். ஆறு றைன் நதியை அடையும் இடத்துக்கு அண்மையில் சின்சிக் என்னும் பட்டினம் உண்டு. அங்கே அங்கவீனமுற்றோர் தங்கி வாழ்ந்த இல்லமொன்றின் கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்தோருள் 12 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இரவுப் பணியிலிருந்தவர் சிலரை மேன்மாடிக்கு ஏற்றிவிட்டு, ஏனையோரை அழைத்துவரத் திரும்பியபோது நீர் மேற்றளத்தின் அடி வரை உயர்ந்துவிட்டது என்று அந்நாட் செய்திகள் கூறின. மாடிக்கு ஏறியிருந்தவர்களும் மாடியிலே வசித்தவர்களும் பின்னர் மீட்கப்பட்டனர். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோருள் உயிரையும் சாவையும் பிரித்தது ஒரு மாடிப்படியே.

நீரிலிருந்து தப்பியதோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. யப்பானில் வெள்ளத்தால் வீடிழந்தோர் பெரும்பாலும் பாடசாலைகளின் உடற்பயிற்சி மண்டபங்களிலே தங்கவைக்கப்படுவர். மரத்தரையில் விரிப்பை விரித்து நூற்றுக்கணக்கானோர் அருகருகே படுக்கும் அவ்விடத்தில், தரையிலிருந்து எழ இயலாதவன் என்ன செய்வான்? சக்கர நாற்காலி நுழையாத மலகூடத்துக்குப் போகாதிருக்கும் பொருட்டுத் தண்ணீரைக் குறைத்துக் குடித்து நோயுற்றவர்கள் உண்டு. மூச்சுக்கருவிக்கும் சளி அகற்றும் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். வலிப்பு நோயாளருக்கு மருந்து ஒருநாளும் தவறலாகாது. இக்காரணங்களால் மண்டபத்துக்கு வராமல், சேறு படிந்த வீட்டின் மாடியிலோ மோட்டார் வண்டியினுள்ளோ நாட்களைக் கழித்தோர் பலர். அங்கே உணவுப் பொதியும் அறிவித்தலும் சென்று சேர்வது அரிது.

இத்தகைய துயரங்களின் பின்னணியில்தான் யப்பானியச் சட்டம் படிப்படியாக மாறியது. 2011ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திலும் கடற்பேரலையிலும் அங்கவீனமுற்றோரின் இறப்பு வீதம் ஏனையோரின் வீதத்தைப் போல ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. அதன் பயனாக 2013ஆம் ஆண்டிலே, உதவி வேண்டுவோரின் பட்டியலைத் தயாரிப்பது ஒவ்வொரு நகரசபையினதும் கடமை என்று விதிக்கப்பட்டது. மாபியிலிருந்த பட்டியல் அவ்வாறு உருவானதே. ஆனால் பட்டியல் என்பது எவருக்கு உதவி வேண்டும் என்பதை மாத்திரமே சொல்லும். உதவப்போகின்றவர் எவர் என்பதைச் சொல்லாது. அலுவலகப் பெட்டியிலிருக்கும் பெயர், நள்ளிரவில் ஒருவரையும் படியேற்றிவிடாது. இதை உணர்ந்து 2021ஆம் ஆண்டில் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. பட்டியலிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வெளியேற்றத் திட்டம் வகுக்க முயல்வது நகரசபைகளின் பொறுப்பாக்கப்பட்டது. அபாய அறிவித்தலின் ஐந்து படிகளுள் மூன்றாவது படி, வெளியேற அதிக நேரம் தேவைப்படுவோர் உடனே புறப்படவேண்டிய வேளை என்பதும் தெளிவாக்கப்பட்டது. உதவி வேண்டுவோர் மண்டபங்களில் அலையாமல், அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட தங்குமிடங்களுக்கு நேரே செல்வதற்கும் வழி திறக்கப்பட்டது.

இம்மாற்றத்துக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று கியூசு தீவிலுள்ள பெப்பு நகரம். வெந்நீரூற்றுகளுக்குப் புகழ்பெற்ற அந்நகரில், 2016ஆம் ஆண்டு முதல் அங்கவீனமுற்றோரின் அமைப்பும் நகரசபையும் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒன்றுகூடி இத்தனித்திட்டங்களை வகுக்கத் தொடங்கினர். அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. அங்கவீனமுற்றவரின் அன்றாடப் பராமரிப்பை ஒழுங்குசெய்யும் பணியாளருக்கு அவருடைய உடல்நிலையும் வீடும் பழக்கங்களும் நன்கு தெரியும். அவரே ஆபத்துக்காலத் திட்டத்தையும் உடனிருந்து எழுதுகின்றார். பின்னர் அயலவர் கூடும் கூட்டத்துக்கு அங்கவீனமுற்றவர் நேரிற் சென்று, தமக்கு எது இயலும், எது இயலாது என்பதைத் தாமே எடுத்துரைக்கின்றார். இன்னார் வருவார், இன்னார் வர இயலாவிடின் இன்னார் வருவார், இந்த வழியாக இந்த இடத்துக்குச் செல்வது என்று முடிவாகின்றது. இறுதியில் யாவரும் சேர்ந்து அவ்வழியே நடந்து ஒத்திகை பார்க்கின்றனர். காகிதத்தில் இலகுவாகத் தோன்றிய மேட்டுத் தெருவில் நாற்காலியைத் தள்ள மூவர் வேண்டும் என்பது அப்பொழுதுதான் தெரியவரும்.

தனித்திட்டம் ஒன்றைத் தயாரிப்பதற்கு ஏறத்தாழ 7,000 யென் செலவாகும் என்று யப்பானிய அரசாங்கம் மதிப்பிட்டது. பணத்திலும் பெரிய தடை அயலவரின் அச்சமே. “என்னால் அவ்வேளையில் வரமுடியாவிட்டால் பழி என்மேல் விழுமே” என்று எண்ணிப் பலர் பெயர் கொடுக்கத் தயங்குகின்றனர். உதவ ஒப்புக்கொண்டவர் மீது சட்டப்பொறுப்பு எதுவும் சுமத்தப்படாது என்று அரசாங்கத்தின் வழிகாட்டிக் குறிப்பு கூறுவது இதனாலேயே. அங்கவீனமுற்றோருள்ளும் தம் நிலையை அயலாருக்கு வெளிப்படுத்த விரும்பாதோர் உண்டு. இந்தத் தயக்கங்களை எந்தச் சட்டமும் ஒரே நாளில் நீக்கிவிட இயலாது. ஒருவரையொருவர் முகமறிந்து பழகுவதொன்றே அவற்றை மெல்லக் கரைக்கும்.

மாபி மீண்டும் எழுந்துவிட்டது. ஒடா ஆறு பேராற்றுடன் கலக்கும் இடத்தை ஏறத்தாழ 4.6 கிலோமீற்றர் கீழே மாற்றும் பெரும்பணி நிறைவேறி, 2023ஆம் ஆண்டு முதல் நீர் புதிய வழியே ஓடுகின்றது. பன்னெடுங்காலம் பேசப்பட்டு, வேலை தொடங்கவிருந்த ஆண்டிலேயே வெள்ளம் முந்திக்கொண்ட பணி அது. அதனுடன் சிறியதொரு கட்டடமும் அவ்வூரில் எழுந்திருக்கின்றது. வாடகை வீடுகள் கொண்ட அவ்விரண்டுமாடிக் கட்டடத்தின் மேற்றளத்துக்குப் படிகளுக்குப் பதிலாகச் சக்கர நாற்காலி ஏறத்தக்க நீண்ட சாய்தளம் அமைக்கப்பட்டுள்ளது. நீர் வரும்வேளையில் அங்கே குடியிருப்போர் மாத்திரமன்றி, அயலிலுள்ள முதியோரும் நடக்க இயலாதோரும் அதன்வழியே மேலேறித் தங்கலாம்.

ஆற்றின் வாயை மாற்றுவதற்கு அரசாங்கமும் பொறியியலாளரும் பல்லாண்டுகளும் வேண்டும். அச்சாய்தளத்தில் ஒரு நாற்காலியைத் தள்ளுவதற்கு வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய பெயரை எழுதுவதற்கென்றே ஒவ்வொரு தனித்திட்டத்திலும் ஓரிடம் விடப்பட்டிருக்கின்றது. மழைக்காலம் வருமுன் அவ்விடம் நிரம்புமா என்பதே, ஆற்றங்கரை ஊர்களில் வாழும் நடக்க இயலாத இளைஞர் பலருக்கு உயிர்ப்பிரச்சினையாக இருந்துவருகின்றது.