பட்டாளத்து ரைபிளும் காவல்காரர் துப்பாக்கியும்

ராணுவம் கழித்துவிட்ட ரைபிளை இந்தியாவில் சாதாரணக் குடிமகன் விலைக்கு வாங்க முடியாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டுச் சிப்பாய்கள் சுமந்த எம்-1 கேரண்ட் ரைபிளை, அரசுச் சாசனம் பெற்ற அமைப்பு ஒன்று தகுதியுள்ளவர்களுக்கு விற்கிறது. அது அரைத் தானியங்கி ரகம். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். அடுத்தது தானே அறைக்குள் ஏறிக்கொள்ளும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் இத்தகைய ரைபிளைத் தடைசெய்யப்பட்ட முதல் வகையில் வைத்திருக்கின்றன. அந்த வகைக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரம் கலெக்டருக்கு இல்லை. மத்திய உள்துறைதான் கொடுக்க வேண்டும், கொடுப்பதும் அரிது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை உரிமமில்லாமல் வைத்திருந்தால், 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

தானியங்கியா இல்லையா என்பதோடு சட்டம் நிற்கவில்லை. ராணுவத் தோட்டா எதற்குள் பொருந்துமோ அத்தனையும் தடைக்குள் வருகிறது. .303 ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதற்கும் தடை, 7.62 மி.மீ. ரைபிளுக்கும் தடை. இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைபிளின் குழலைக் குடைந்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டுமே போடும்படி மாற்றிப் போலீசுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்தார்கள். .410 மஸ்கட் என்று பெயர் பெற்ற அந்தத் துப்பாக்கிகூடத் தனியார் கைக்கு வர முடியாது.

இந்தக் கணக்கு வெள்ளைக்காரர் காலத்தது. 1857 எழுச்சிக்குப் பிறகு ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதில் ஆட்சியாளர்களுக்குக் கவலை கூடியது. 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களுக்குக் குண்டு கிடைத்துவிடக்கூடாது என்பதற்காக, 1907-இல் .450 அளவுத் தோட்டா இந்தியாவுக்குள் வரத் தடை விதித்தார்கள். இங்கிலாந்தில் வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் அதன்பின் .470 போன்ற புது அளவுகளுக்கு மாறினார்கள். .303 தோட்டாவை ஏற்காத .315 ரைபிளும் அதே எண்ணத்தின் பிள்ளைதான். கலெக்டர் உரிமத்தில் இன்றும் வாங்கக் கிடைக்கிற, பட்டாளத்து ரைபிளின் உடலமைப்பைக் கொண்ட ஆயுதம் அது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் இந்தச் சட்டம் வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. மழையை நம்பிய வெள்ளாமை ஒரு வருசம் கைகொடுத்தால் மறுவருசம் கைவிடும். பட்டாளத்துக்குப் போவது இங்கே தலைமுறையாக வரும் பிழைப்பு. பதினைந்து, பதினேழு வருசப் பணி முடித்து, நாற்பது வயதைத் தொடும் முன்பே ஊர் திரும்புகிறவருக்குப் பென்ஷனோடு இன்னொரு சம்பளமும் வேண்டியிருக்கிறது. வங்கி வாசல், நகைக்கடன் கடை, பணம் ஏற்றிச் செல்லும் வேன், நூற்பாலை கேட் ஆகியவைதான் அவருக்குக் கிடைக்கும் வேலைகள். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருந்தால் சம்பளம் கூடுதல். ஆகவே அவர் ஒரு துப்பாக்கி வாங்குகிறார். அது பெரும்பாலும் 12 போர் அளவு இரட்டைக்குழல் துப்பாக்கி, பெரும்பாலும் பழையது.

சிக்கல் அங்கே தொடங்குகிறது. அவர் கை பழகியது வேறு ஆயுதத்தில். 1962 சீனப் போரில் .303 ரைபிளோடு நின்ற இந்தியப் படைக்கு, அதன்பின் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். வந்தது. இருபது தோட்டா மேகசின், குண்டை உந்தும் வாயுவின் ஒரு பகுதியாலேயே இயங்கும் பொறி. வெற்றுத்தோட்டா வெளியே வராமல் சிக்கினால் வாயு அளவைத் திருகிக் கூட்டி வைப்பது சிப்பாய்க்கு மனப்பாடம். 1990-களின் இறுதியில் 5.56 மி.மீ. இன்சாஸ் வந்தது, எஸ்.எல்.ஆர். போலீசுக்குப் போனது. இந்த இரண்டிலுமே மேகசினைக் கழற்றி, கைப்பிடியை இழுத்து, அறைக்குள் கண்ணால் பார்த்துவிட்டால் துப்பாக்கி காலி என்று உறுதியாகிவிடும்.

இரட்டைக்குழலில் மேகசின் கிடையாது. மடக்கித் திறந்தால் ஒழிய உள்ளே தோட்டா இருப்பது தெரியாது. குதிரை வெளியே தெரியாத ரகத்தில், திறக்கும்போதே உள்ளிருக்கும் இரண்டு குதிரைகளும் பின்வாங்கி நிற்கும். தோட்டா போட்டு மூடிவிட்டால் இரண்டும் பாயத் தயார். மேலே உள்ள பாதுகாப்புப் பொத்தான் பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையை மட்டுமே பூட்டுகிறது. குதிரையைப் பிடித்து வைப்பதில்லை. குதிரையைத் தாங்கும் கொக்கி தேய்ந்திருந்தால், துப்பாக்கி தரையில் விழுகிற அதிர்ச்சியே போதும், விசையைத் தொடாமலே வெடித்துவிடும். வங்கிக் காவலர் துப்பாக்கி தவறி வெடித்த செய்திகள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வருகின்றன. இத்தனை வருசம் ஆயுதம் தூக்கியவருக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லித்தரத்தான் வேண்டும். பழகிய கைதான் பழைய பழக்கத்தில் போகும்.

வாங்கும் முறை எளிதல்ல. 2016 விதிகளின்படி ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. உரிமம் கைக்கு வந்த பிறகே துப்பாக்கியை வாங்க முடியும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. மூன்று என்றிருந்ததை 2019 திருத்தம் குறைத்தது. உரிமத்தின் காலமும் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது அந்தத் திருத்தத்தில்தான். உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். உரிமமுள்ள இன்னொருவரிடமும் வாங்கலாம். தனிநபர் விற்பதாக இருந்தால் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். வாங்குகிறவர் அந்த 45 நாளையும் துப்பாக்கியைச் சோதிக்கப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

முதலில் குழல். கட்டையிலிருந்து கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். உள்ளே நிழல் வட்டமாக, உடையாமல் ஓட வேண்டும். ஓரிடத்தில் வட்டம் வளைந்தால் நசுங்கல் அல்லது வீக்கம். கரும்புள்ளிகள் தெரிந்தால் துரு தின்ற குழி. தோட்டா அறைக்கு அருகே அப்படி இருந்தால் அந்தத் துப்பாக்கியே வேண்டாம், ஏனென்றால் அழுத்தம் உச்சத்தில் இருப்பது அங்கேதான். குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் வெண்கல மணிபோல் நாதம் நீள வேண்டும். மொண்ணையாக ஒலித்தால் இரு குழலையும் சேர்க்கும் பற்று விட்டிருக்கிறது. குழலின் மேல் பாம்புத்தோல் மாதிரி வரிவரியாகத் தெரிந்தால் அது முறுக்கிரும்புக் குழல். கருமருந்துக் காலத்தில் செய்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடக்கூடாது.

அடுத்தது அறையின் நீளம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ. இப்போதைய தோட்டா பலவும் 70 மி.மீ. வெடித்து விரியும்போதுதான் 70 மி.மீ. நீளம் வரும், வெடிக்காத தோட்டா குட்டையாகவே இருப்பதால் பழைய அறைக்குள்ளும் இடறாமல் உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது விரிவதற்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறும். கையில் பொருந்துகிறதே என்று நம்புகிற வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். குழலின் அடியில் பொறித்த எண்ணைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எண் அழிந்திருந்தால் அளந்து பார்க்க வேண்டும்.

பிறகு பூட்டு. துப்பாக்கியை மூடி, முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் சிறு அசைவும் இருக்கக்கூடாது. மூடிய இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் கீல் தேய்ந்துவிட்டது. காலியான துப்பாக்கியில் வெற்றுத்தோட்டா போட்டு, ரப்பர் விரிப்பின் மேல் பின்கட்டையை மெல்லத் தட்டினால் குதிரை விழக்கூடாது. விழுந்தால் பேரம் அத்தோடு முடிந்தது.

கையில் இருக்கும் துப்பாக்கிக்கு வரும் கோளாறுகளில் முதலாவது, விசையை இழுத்தும் வெடிக்காமல் இருப்பது. தோட்டாவின் கேப்பில் ஊசியின் தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவில் குறை, ஈரம் ஏறியிருக்கும். தடம் மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது ஊசி முனை மழுங்கியிருக்கிறது. எதுவானாலும் உடனே திறக்கக்கூடாது. ஆபத்தில்லாத திசையில் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. வெற்றுத்தோட்டா வெளியே வராமல் நின்றால், அறைக்குள் துரு அல்லது பழுப்புப் படிவம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12 போர் துப்பாக்கி உள்ள வீட்டில் 20 போர் தோட்டா இருக்கவே கூடாது. அது 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலின் தொடக்கத்தில் நின்றுவிடும். காலி என்று நினைத்து அதன் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும்.

கரிசல் நாட்டின் எதிரி புழுதி. நிறைய எண்ணெய் பூசினால் துப்பாக்கிக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. காற்றடி காலத்தில் அந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பட்டாளத்தில் கற்ற, கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழுக்கும் புல்த்ரூ பழக்கம் இங்கே அப்படியே பலிக்கும். உலர்ந்த துணி, எண்ணெய்த் துணி, மறுபடி உலர்ந்த துணி, கடைசியில் வெறும் பூச்சளவு எண்ணெய். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் பூச்சு சற்றுக் கூடலாம். துணி உறையிலோ தோல் உறையிலோ நீண்ட நாள் வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும்.

இத்தனையும் யார் பார்ப்பது? பழைய துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கும்போது மனிதரைப் பற்றி எல்லாம் விசாரிக்கிறார்கள். துப்பாக்கியில் பொறித்த எண் உரிமத்தில் உள்ள எண்தானா என்று பார்க்கிறார்கள். குழல் தாங்குமா, கொக்கி பிடிக்குமா என்று சோதிக்கக் கட்டாயம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையின் முத்திரை துப்பாக்கிக்கு வேண்டும். தேய்ந்து அளவு மாறிவிட்டால் முத்திரை செல்லாது. அத்தகைய துப்பாக்கியை மறுபடி சோதிக்காமல் விற்பது குற்றம். நம்மிடம் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும்போது ஒருமுறை சோதிப்பதோடு சரி. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து நான்காவது கைக்கு மாறினாலும் கேள்வியில்லை. பழுது பார்க்கத் தெரிந்த, அதற்கு உரிமமும் உள்ள கைகள் சிறு ஊர்களில் இல்லை. ஒரு ஸ்பிரிங் மாற்றவும் பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும். காவலர் துப்பாக்கியைச் சுடுவதே இல்லை என்பதால் பழுதும் தெரிவதில்லை. தோட்டாக்கள் வருசக்கணக்கில் இடுப்புப் பட்டையில் வேர்வையில் ஊறுகின்றன. மாத முதல் வாரத்தில் பென்ஷன் வாங்கும் கிழவிகளும் நகையை மீட்க வந்த பெண்களும் நெருக்கி நிற்கும் வாசலில், உள்ளே என்ன நிலையில் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாத துப்பாக்கி ஒன்று மடக்காமல் நிற்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கும்போது ஆயுதப்படையின் ஆயுதப் பழுதுநர் ஒருவர் துப்பாக்கியைத் திறந்து பார்த்துச் சான்று கொடுத்தால் போதும். அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். விதியில் ஒரு வரி சேர்த்தால் ஆகும். தனியார் கையில் துப்பாக்கியே கூடாது, கேமராவும் அலாரமும் போதும் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். அந்த நாள் வரும்வரை இருக்கிற துப்பாக்கி கோளாறின்றி இருக்க வேண்டும். அக்னிபத் திட்டத்தில் நான்கே ஆண்டு பணி முடித்து வரப்போகும் இளைஞர்கள் பலர் இதே வாசல்களுக்குத்தான் வருவார்கள். அவர்கள் வாங்கப்போவதும் இதே பழைய துப்பாக்கிகளைத்தான்.

நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் காட்டுப்பன்றி கிளறிப்போடும் ஊர்களில் துப்பாக்கிக்கு வேறொரு தேவை சொல்லப்படுகிறது. பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஆயுதச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த உரிமம் பன்றியைக் கொல்லும் உரிமை ஆகாது. 2025-இல் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படியும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறையின் வேலை.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வங்கிக் காவலில் உள்ளவர்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒப்படைக்கும் முன் துடைத்து எண்ணெய் பூசி, குழல் வாயைத் துணியால் இறுக அடைக்காமல், ரசீதில் எண்ணைச் சரிபார்த்து வாங்க வேண்டும். திரும்பப் பெற்றதும் முதல் வேலை குழலுக்குள் பார்ப்பது. குளவி கட்டிய மண்கூடு ஒன்று உள்ளே இருந்தாலும் குழல் வெடிக்கப் போதும்.

துப்பாக்கிக்காரருக்கு 70 வயது ஆனாலோ, அதை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, சட்டப்படியான வாரிசுக்கு மாற்றித்தர 2016 விதிகள் இடம் தருகின்றன. வாரிசும் தன் பெயரில் உரிமம் பெற்றாக வேண்டும். உரிமதாரர் இறந்துவிட்டால், துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். உரிமம் கிடைத்தபின் வாரிசு மீட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் உரிமமுள்ள ஒருவருக்கு விற்றுவிடலாம். விற்கும்போது குழலில் குழியோ கீலில் அசைவோ இருந்தால் அதை எழுதிக் கொடுத்து விற்க வேண்டும். சுடவே லாயக்கில்லாததை அழிப்பதற்கென்றே ஒப்படைத்துவிட வேண்டும்.