காய்ச்சாத தேனின் காவல்

மலரில் ஊறும் இன்னீர் இன்னும் தேன் ஆகிவிடவில்லை. அதன் பெரும்பகுதி நீர், எஞ்சியது சர்க்கரை. கூடு திரும்பிய ஈக்கள் அதனை வாய்க்கு வாய் மாற்றுகையில், அவற்றின் சுரப்பிகளில் ஊறும் நொதிகள் அதில் கலக்கின்றன. ஒரு நொதி கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோசாகவும் பழச்சர்க்கரையாகவும் பிளக்கிறது. ஈக்கள் சிறகடித்துக் காற்றெழுப்ப நீர் வற்றுகிறது. நீரளவு 20 விழுக்காட்டுக்குக் கீழிறங்கியதும் அறைகள் மெழுகால் மூடப்படுகின்றன.

என்னை வியப்பில் ஆழ்த்துவது மற்றொரு நொதி: குளுக்கோசு ஆக்சிடேசு. தேன் நீர்த்திருக்கும் வரை அது குளுக்கோசின் சிறு பகுதியைக் குளுக்கோனிக் அமிலமாக்கி, உடன்விளைவாக ஐட்ரசன் பெராக்சைடையும் தருகிறது. அமிலம் தேனுக்குப் புளிமையைத் தருகிறது; பெராக்சைடு நுண்ணுயிர்களை ஒடுக்குகிறது. தேன் முதிர்ந்து தடித்ததும் அந்நொதி உறங்கிவிடும். புண்ணில் பூசும்போது அங்குக் கசியும் நீரால் தேன் இளக, உறங்கிய நொதி விழிக்கிறது. பெராக்சைடு சிறுகச் சிறுக ஊறுகிறது. தீப்புண்ணுக்குத் தேன் மருந்தானதன் உட்பொருள்களுள் இதுவும் ஒன்று. மருத்துவத் தேனில் உள்ள கிருமிகளைக் கொல்லக் காமாக்கதிரைப் பாய்ச்சுகிறார்களே அன்றிக் காய்ச்சுவதில்லை. காய்ச்சினால் நொதி மாளும். ஐட்ராக்சிமெத்தில்பர்பியூரல் என்னும் சிதைபொருளும் பெருகும்.

உயிர்ச்சத்துகளுக்காகத் தேனுண்க என்பார் கூற்றை நான் ஏற்கமாட்டேன். அவை மிகச் சொற்பம். ஒரு கரண்டித் தேனில் மிகுந்திருப்பது சர்க்கரையே. நீரிழிவுடையோர் அதனை அளந்தே உண்ண வேண்டும். ஆனால் உறங்குமுன் ஒரு கரண்டி தேன் பிள்ளைகளின் இரவு இருமலைத் தணிப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இஃது ஓராண்டு நிறைந்த பிள்ளைகளுக்கே பொருந்தும். தேனில் கிளாசுட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பச்சிளங்குழவியின் குடலில் அவை முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். காய்ச்சினாலும் அவ்வித்துகள் எளிதில் மாளா. பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கத்தை, எத்துணை அன்பினால் விளைந்ததாயினும், நாம் கைவிடத்தான் வேண்டும்.

இன்னுமொன்று. புட்டியின் அடியில் தேன் உறைந்து மணிமணியாய் நின்றால், சர்க்கரை கலந்துவிட்டார்கள் என்று பலர் சினக்கிறார்கள். அம்மணிகள் தேனுக்கே உரிய குளுக்கோசு. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தின் இலைக்காம்புச் சுரப்பிகளிலிருந்து ஈக்கள் திரட்டும் தேன் விரைந்து உறையும் இயல்பினது. உறையாத தேனையே மக்கள் விரும்புவதால், வணிகர் தேனைச் சூடேற்றி விற்கிறார்கள். உறைந்த புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் போதும். தேன் மெல்ல இளகிவிடும்.