இந்தியாவில் துப்பாக்கி உரிமம்

இந்தியாவில் துப்பாக்கி உரிமம் என்பது, குடிமக்கள் துப்பாக்கியையும் அதற்குரிய தோட்டாக்களையும் வாங்கவும் வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் அரசு எழுத்து மூலம் வழங்கும் அனுமதி ஆகும். 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016 ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும் இதனை ஒழுங்குபடுத்துகின்றன. துப்பாக்கி வைத்திருப்பது இந்திய அரசியலமைப்பில் ஓர் உரிமையாகக் கூறப்படவில்லை. படையினர் பயன்படுத்திக் கழித்த துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் திட்டமும் இந்தியாவில் இல்லை. இந்தக் கட்டுப்பாடுகளின் வேர் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் உள்ளது. அதன் முக்கியக் கட்டங்கள் பல, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் நிகழ்ந்தவை.

வரலாறு

1801 அறிவிப்பு

பாளையக்காரர் காலத்தில் தென்பாண்டி நாட்டில் வேலும் ஈட்டியும் துப்பாக்கியும் ஊர்க்காவலின் கருவிகளாக இருந்தன. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 இல் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். அவருடைய படையினர் தூத்துக்குடியையும் சிறிது காலம் கைப்பற்றியிருந்தனர். 1801 மே மாதம் கோட்டை வீழ்ந்தது. நவம்பரில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார்.

போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 நாளிட்ட அறிவிப்பு ஒன்றைச் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்டார். திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் ஆகிய பகுதிகளின் பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதம் வைத்திருக்க அது தடை விதித்தது. பாளையக்காரர்களின் படை வைத்திருக்கும் முறையும் முடிவுக்கு வந்தது.

1878 சட்டமும் மணியாச்சி நிகழ்வும்

லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது 1878 இல் இந்தியப் படைக்கலச் சட்டம் நிறைவேறியது. உரிமம் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருத்தல் நாடு முழுவதும் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டதால், இச்சட்டம் இனப் பாகுபாட்டின் அடையாளமாக விடுதலை இயக்கத்தினரால் எதிர்க்கப்பட்டது. குடகு மக்களும் விலக்குப் பெற்றிருந்தனர். அவ்விலக்கு இன்றும் தொடர்கிறது. நடுவண் அரசு 2019 இல் அதனை 2029 வரை நீட்டித்தது.

1911 சூன் 17 அன்று மணியாச்சித் தொடருந்து நிலையத்தில், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் பயன்படுத்தியது பெல்சியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி கேட்ட உழவர் உரிமத்துக்குக் காத்திருந்த காலத்தில், உரிமம் இல்லாத வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்று மணியாச்சிக்கு வந்து சேர்ந்தது.

தற்போதைய சட்டம்

1959 இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த படைக்கலச் சட்டம், 1878 சட்டத்தை நீக்கியது. இனப் பாகுபாட்டைக் கைவிட்டது. ஆனால் உரிம முறையைத் தக்கவைத்துக்கொண்டது. இதன் முக்கியக் கூறுகள்:

• விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும்.
• மாவட்டங்களில் ஆட்சியரும், காவல் ஆணையரகம் உள்ள மாநகரங்களில் ஆணையரும் உரிமம் வழங்குகின்றனர். அதற்கு முன் காவல்துறையின் அறிக்கை பெறப்படும்.
• தற்காப்பு, பயிர்க்காவல், விளையாட்டு போன்ற தேவையை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம்.
• ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை, 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்ந்தது.
• தோட்டாக்களையும் உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் வாங்க இயலாது.

தேர்தல் காலங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு கேட்பது வழக்கம்.

படைத் தோட்டாவும் பொதுமக்கள் தோட்டாவும்

இந்திய முறையின் தனித்தன்மை, குழல் விட்டத்தை அடிப்படையாகக் கொண்ட பகுப்பு ஆகும். படையினரும் காவலரும் பயன்படுத்தும் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகையில் அடங்கும். .303 அங்குல, 7.62 மி.மீ. ரைஃபிள்களும் 9 மி.மீ. கைத்துப்பாக்கிகளும் இத்தகையவை. தானியங்கித் துப்பாக்கிகளும் தடைக்கு உட்பட்டவையே. பொதுமக்களுக்கு .32 அங்குலச் சுழல்துப்பாக்கி, .315 அங்குல ரைஃபிள், 12 போர் வேட்டைத் துப்பாக்கி போன்றவையே கிடைக்கின்றன.

இதன் பொருளை .315 ரைஃபிள் நன்கு விளக்கும். கொல்கத்தாவுக்கு அருகில் உள்ள இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்படும் இதன் இயங்கமைப்பு, படையினரின் பழைய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியினுடையதே. குழலும் தோட்டாவும் மட்டுமே வேறு. எனவே படைக் கிடங்கிலிருந்து களவு போகும் .303 தோட்டாக்கள் இதற்குப் பயன்படா. ஒரே பொறியைத் தோட்டாவின் அளவால் இரண்டாகப் பிரித்து, அரசின் ஆயுதத்தையும் குடிமகனின் ஆயுதத்தையும் சட்டம் வேறுபடுத்துகிறது.

அமெரிக்க முறையுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. போர்க்காலத்தில் படையில் சேரும் குடிமக்கள் முன்னரே குறிபார்த்துச் சுடப் பழகியிருக்க வேண்டும் என்ற நோக்கில், அந்நாட்டு அரசு 1903 இல் ஒரு வாரியத்தை அமைத்தது. அதன் தொடர்ச்சியான குடிமக்கள் குறிபார்ப்புத் திட்டம், 1996 சட்டத்தின்படி தனி நிறுவனமாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து எம்1 காரண்டு ரைஃபிள் போன்ற உபரித் துப்பாக்கிகளை இந்நிறுவனம் குடிமக்களுக்கு விற்கிறது. வாங்குபவர் அமெரிக்கக் குடிமகனாகவும், இணைவுபெற்ற சங்கத்தின் உறுப்பினராகவும், சுடும் பயிற்சி உடையவராகவும் இருத்தல் வேண்டும். அவருடைய பின்னணியும் சரிபார்க்கப்படும்.

குடிமகனை வருங்காலப் படைவீரனாகக் கருதிப் பிறந்தது அமெரிக்க முறை. அவனை வருங்காலக் கலகக்காரனாகக் கருதிய ஆட்சியிடமிருந்து வந்தது இந்திய முறை. விடுதலைக்குப் பின் நோக்கம் பொது அமைதி என்று மாறியபோதும், அடிப்படைக் கட்டமைப்பு மாறவில்லை.

சுடும் பயிற்சி

இந்தியாவில் அரசு மாணவருக்குத் துப்பாக்கி கொடுத்துப் பழக்குகிறது, விற்பதில்லை. தேசிய மாணவர் படையில் .22 ரைஃபிளால் சுடும் பயிற்சி தரப்படுகிறது. 1951 இல் தொடங்கிய இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கத்துடன் இணைந்த அமைப்புகள் வழியாகப் போட்டிகள் நடைபெறுகின்றன. சங்கத்தின் பெயரில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளில் உறுப்பினர்கள் பழகலாம்.

.177 அங்குலத்துக்கு மிகாத, 20 சூலுக்கு உட்பட்ட ஆற்றலுடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. மாணவர் பலர் இவ்விளையாட்டில் நுழைவது இவ்வழியாகவே. 2008 ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் வெற்றிகள் பெற்றதும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில்தான்.

சீமேன் கார்டு ஒகையோ வழக்கு

உரிமச் சட்டம் கடலிலும் செல்லும் என்பதைத் தூத்துக்குடித் துறைமுகம் 2013 இல் கண்டது. சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கப்பலான சீமேன் கார்டு ஒகையோ, அவ்வாண்டு அக்டோபரில் கடலோரக் காவல்படையால் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. அதில் 35 துப்பாக்கிகளும் 5,600-க்கும் மேற்பட்ட தோட்டாக்களும் இருந்தன. இந்தியா, பிரித்தானியா, எசுத்தோனியா, உக்ரைன் ஆகிய நாடுகளைச் சேர்ந்த 35 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

2014 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை படைக்கலச் சட்டக் குற்றச்சாட்டுகளை நீக்கியது. 2015 இல் உச்சநீதிமன்றம் அவற்றை மீட்டு, விசாரணை நடத்தப் பணித்தது. 2016 சனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது.

கப்பலில் இருந்தோர் கடற்கொள்ளைத் தடுப்புப் பணிக்காகவே ஆயுதம் வைத்திருந்ததாக வாதிட்டனர். உரிமத் தாள் ஒன்று இல்லை என்ற கேள்விக்கு விடை காண நான்கு ஆண்டுகள் ஆயின. அவற்றில் பெரும்பகுதியை அவர்களுள் பலர் சிறையில் கழித்தனர்.