நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

பல ஆண்டுகளுக்கு முன், ஆண்பிள்ளைகள் வரிசையில் அமர்ந்திருந்த ஒருவர், தாம் பெண்ணென்றே உணர்வதாக என்னிடம் நடுங்கிக்கொண்டே கூறினார். "தேர்வு முடியட்டும், பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டேன்.

அவர் உணர்ந்தது நோயன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் இந்நிலை மனநோய்களுள் வைக்கப்படவில்லை. நடுக்கமோ, பிறர் என்ன சொல்வரோ என்னும் எண்ணத்தில் பிறப்பது. நெஞ்சு படபடக்கும், உறக்கம் கெடும். அவ்வேளையில் மூச்சை மெல்ல, நீள வெளிவிட்டால் உடல் சற்றே தணியும். பெயர், உடை, வீட்டாரிடம் கூறுதல் ஆகிய யாவற்றையும் ஓரிரவில் முடிவு செய்ய வேண்டுவதில்லை. நம்பத்தக்க ஒருவரிடம் முதலில் கூறலாம். கலக்கம் நீங்காவிடில் மனநல மருத்துவரை நாடலாம். "மாற்றிக் காட்டுகிறேன்" என்பாரிடம் மட்டும் செல்லலாகாது. அத்தகைய முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 இல் தடை செய்தது.

அன்று நான் செய்திருக்க வேண்டியது சிறிதே: நாற்காலியைக் காட்டி, "உட்கார்ந்து சொல், அம்மா" என்றிருக்கலாம்.